ஜெனீவாவில் அந்த அரைப் புள்ளி: உஷெனினா – கிர்யா ஆட்டம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பெண்கள் சதுரங்கம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2013 மே மாதம் ஜெனீவாவில் நடந்த, சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் மகளிர் கிராண்ட் பிரிக்ஸ் போட்டியில் அன்னா உஷெனினாவும் ஓல்கா கிர்யாவும் ஆடிய ஆட்டத்தைக் கட்டுரையாளர் மூன்றே வரியில் முடித்துவிட்டார். 'எதிரியிடம் வெறும் ராஜா மட்டுமே இருந்தும், உலக சாம்பியனுக்கு மேட் போடத் தெரியவில்லை; ஐம்பது நகர்த்தல் ஆனதும் ஆட்டம் தானாகவே டிராவில் முடிந்தது; பெண்கள் ஆட்டத்தின் தரத்துக்கு இதுவே சான்று' என்பது அந்த மூன்று வரியின் சாரம்.

உஷெனினா அப்போது மகளிர் உலக சாம்பியன் என்பது உண்மை. 2012-இல் கான்டி-மான்சிஸ்கில் அன்டோனெட்டா ஸ்டெஃபனோவாவை வென்று பட்டம் பெற்றவர் அவர். 2013 செப்டம்பரில் ஹூ யிஃபானிடம் பட்டத்தை இழக்கும்வரை சாம்பியனாக இருந்தார். ஜெனீவாவில் அவரிடம் ராஜா, பிஷப் (மூலைவிட்டத்தில் ஓடும் காய்), குதிரை. கிர்யாவிடம் தனி ராஜா. 50 நகர்த்தலுக்குள் மேட் வரவில்லை, ஆட்டம் டிரா. இதுவும் உண்மை. இதற்கு மேல் கட்டுரையாளர் சொன்ன ஒவ்வொன்றிலும் பிழை இருக்கிறது. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, எதிரே உட்கார்ந்திருந்த ஓல்கா கிர்யா என்ற பெண்ணைக் கட்டுரை ஒரு சொல்லில்கூடக் கண்டுகொள்ளாதது. டிராவுக்குக் கிடைக்கும் அரைப் புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. தனி ராஜாவை வைத்துக்கொண்டு 50 நகர்த்தல் பிழைத்துக் கிடப்பது ஒரு வேலை. அதற்கும் முறை உண்டு, பயிற்சி உண்டு.

முதலில் விதியைச் சரிசெய்துவிடுகிறேன். ஐம்பது நகர்த்தல் ஆனதும் ஆட்டம் தானாக நின்றுவிடாது. கடைசி 50 நகர்த்தல்களில் இரு தரப்பிலும் ஒரு சிப்பாயும் நகரவில்லை, ஒரு காயும் வெட்டுப்படவில்லை என்றால், டிரா கோரும் உரிமை ஆடுபவருக்கு வருகிறது, அவ்வளவுதான். அவர் கேட்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் ஆட்டம் தொடரும். 75 நகர்த்தல் ஆனதும் யாரும் கேட்காமலே டிரா என்னும் விதி 2014 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. ஜெனீவா ஆட்டம் நடந்தபோது அது கிடையாது.

கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஐம்பதாவது நகர்த்தலைத் தானே ஆடப்போகிறவர், அதைப் பலகையில் ஆடக் கூடாது. முதலில் நகர்த்தல்களைக் குறிக்கும் தாளான ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும், கடிகாரத்தை நிறுத்தலாம், நடுவரை அழைத்து 'இந்த நகர்த்தலோடு ஐம்பது ஆகிறது' என்று சொல்ல வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கான உரிமை போய்விடும். எண்ணிக்கை தவறி, 49-இல் கேட்டுவிட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், ஆட்டமும் தொடரும். நடுவர் இரண்டு ஸ்கோர்ஷீட்டையும் வாங்கி, கடைசி வெட்டு எந்த எண்ணில் நடந்தது என்று பார்த்து, அங்கிருந்து எண்ணுவார். ஆகவே தனி ராஜாவோடு ஆடுகிறவர் கடைசிக் காய் வெட்டுப்பட்ட நகர்த்தலின் எண்ணை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். 70-ஆம் நகர்த்தலில் வெட்டு என்றால் 120-ஆம் நகர்த்தல்தான் எல்லை. ஸ்கோர்ஷீட்டில் எண் ஒன்று தவறிப்போயிருந்தால், ஒரே நகர்த்தலை இரண்டு வரியில் எழுதியிருந்தால், இந்தக் கணக்கு முழுதும் கவிழும். இரண்டாவது ஸ்கோர்ஷீட் வாங்கும்போது எண்ணை 1 என்று தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முந்தைய தாளின் தொடர்ச்சியாக எண்ணை முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

கடிகாரத்தையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். ஃபிடே மகளிர் போட்டிகளில் வழக்கமான நேரக் கட்டுப்பாடு இது: முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், அதன்பின் 30 நிமிடம், முதல் நகர்த்தலிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 30 நொடி கூடுதல். 70 நகர்த்தல் வரை ஆடினால் ஒருவருக்கு அதிகபட்சம் 155 நிமிடம். இருவருக்கும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஆடி, கையிருப்பு நேரம் கரைந்த பிறகு வருவது இந்த பிஷப்-குதிரை முடிவு. அதன்பின் வாழ்வது அந்த 30 நொடியில்தான். 50 நகர்த்தலுக்கும் சேர்த்துக் கூட்டினால் 25 நிமிடம். அந்த 30 நொடிக்குள் யோசிக்க வேண்டும், காயை நகர்த்த வேண்டும், அதே கையால் கடிகாரத்தை அழுத்த வேண்டும், எழுதவும் வேண்டும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதத் தேவையில்லை என்னும் சலுகை, 30 நொடி கூடுதல் உள்ள ஆட்டத்துக்குக் கிடையாது. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவும் கூடாது. டிரா கோரும்போது அதற்கு அனுமதி உண்டு. எழுதுவதற்கும் அழுத்துவதற்கும் ஏழெட்டு நொடி போய்விட்டால், யோசிக்க மிஞ்சுவது இருபதுக்குச் சற்று மேல்.

வெளியே இருந்து இணையத்தில் பார்ப்பவரின் திரையில் 'இன்னும் 22-இல் மேட்' என்று கணினி எண் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே 'இதுகூடத் தெரியவில்லையா' என்பது எளிது. பலகை முன் இருப்பவருக்கு அந்த எண் கிடையாது.

அடுத்து, இந்த முடிவு எவ்வளவு கடினம் என்ற கேள்வி. அடிப்படை மேட்களில் இதுதான் கடினமானது. ராணியை வைத்தும் யானையை வைத்தும் மேட் போடுவதைத் தொடக்க வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறோம். இரண்டு பிஷப் கொஞ்சம் பழகினால் வந்துவிடும். இரண்டு குதிரையை வைத்துத் தனி ராஜாவுக்குக் கட்டாய மேட் கிடையவே கிடையாது. எதிராளி தவறினால்தான் உண்டு. பிஷப்பும் குதிரையும் சேர்ந்தால் கட்டாய மேட் உண்டு. மிக மோசமான நிலையிலிருந்து தொடங்கினாலும் துல்லியமாக ஆடினால் 33 நகர்த்தலில் முடியும் என்று கணினி கணித்திருக்கிறது. எல்லை 50, மிச்சம் 17. அதாவது மொத்தத்தில் பதினேழு நகர்த்தல் வீணாக்கலாம், அதற்கு மேல் வீணாக்கினால் அரைப் புள்ளி. ஒருமுறை ராஜாவை ஓரத்திலிருந்து நடுப்பலகைக்குத் தப்பவிட்டாலே பத்துப் பதினைந்து போய்விடும். அதனால் இந்த முடிவில் பெரும்பாலும் தோற்கடிப்பது ஒரே ஒரு தப்பவிடல்தான்.

ஆண் கிராண்ட்மாஸ்டர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2001-இல் ராபர்ட் கெம்பின்ஸ்கியுடன் ஆடிய விளாதிமிர் எபிஷின் இதே முடிவில் மேட் போட முடியாமல் டிரா செய்தார். மறுபக்கம், 1994-இல் மொனாக்கோவில், பலகையைப் பார்க்காமல் ஆடும் போட்டியில், லுபோமிர் லுபோயெவிச்சுக்கு எதிராக இதே பிஷப்-குதிரை முடிவை வென்றவர் யூதித் போல்கர் என்ற பெண். கட்டுரையாளரின் அளவுகோலை வைத்து எபிஷினின் டிராவிலிருந்து ஆண்கள் ஆட்டத்தின் தரத்தை முடிவுசெய்ய யாரும் துணிய மாட்டார்கள். உஷெனினாவுக்கு மட்டும் ஏன் அந்த அளவுகோல்? இந்த முடிவு வருவது அரிது. பயிற்சி நேரத்தைத் திறப்புகளுக்கும் நடு ஆட்டத்துக்கும் செலவிடுவதுதான் எந்தத் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் லாபம். முறையைப் படித்திருப்பார்கள், பலகையில் கைபழகியிருக்காது. ஆறாம் மணி நேரத்தில் உதவுவது கைப்பழக்கம் மட்டும்தான்.

இனி அந்த முறை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே இதற்காகத்தான். இதைப் பலகையில் வைத்துப் பார்க்கும் வாசகர், ஜெனீவாவில் இருவரும் எதோடு போராடினார்கள் என்பதைத் தம் கையாலேயே உணர்வார்.

பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்; இரண்டும் சேர்ந்தால் கட்டத்தின் பெயர். பிஷப்பும் குதிரையும் வெள்ளையிடம், தனி ராஜா கறுப்பிடம், பிஷப் வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேட் வரும் மூலைகள் வெள்ளைக் கட்ட மூலைகளான ஏ8, எச்1 இரண்டும்தான். ஏ1, எச்8 இரண்டும் தப்பான மூலைகள். அங்கே மூலைக் கட்டத்தை பிஷப்பால் தாக்கவே முடியாது, எதிராளி தானாகத் தவறினாலன்றி மேட் இல்லை. கறுப்புக் கட்ட பிஷப் என்றால் இது அப்படியே தலைகீழ். ஆட்டம் இந்த முடிவுக்குள் நுழைந்த உடனே, காயைத் தொடுமுன், 'என் மூலை எது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். களைப்பில் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு, தப்பான மூலையில் ராஜாவை இறுக்கி, 15 நகர்த்தல் கழித்து விழித்துக்கொள்பவர்கள் உண்டு.

முறையின் முதல் பகுதி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளுவது. இதில் முக்கிய வேலைக்காரர் வெள்ளை ராஜா. அவர் நடுவில் ஏறி நின்று எதிர் ராஜாவின் முன்னால் வழியை அடைக்க வேண்டும். குதிரை அவர் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில். பிஷப் தூரத்திலிருந்தும் வேலை செய்யும். ஒரு பொது விதி மிகவும் உதவும்: குதிரையை பிஷப் நிற்கும் நிறத்துக் கட்டத்திலேயே நிறுத்துங்கள். வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை கறுப்புக் கட்டங்களைத் தாக்கும். பிஷப் வெள்ளைக் கட்டங்களைத் தாக்கும். இரண்டும் சேர்ந்து சுவராகிவிடும். குதிரை கறுப்புக் கட்டத்தில் நின்றால் இரண்டும் ஒரே நிறத்தையே காவல் காக்கும், மற்ற நிறம் முழுதும் திறந்த வாசல். இந்தப் பகுதியில் செக் கொடுக்கத் தோன்றும். பெரும்பாலான செக்குகள் வீண். எதிர் ராஜாவை அவர் போக நினைத்த இடத்துக்கே அனுப்பிவைக்கும்.

தற்காப்பவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. முடிந்தவரை நடுவிலேயே நிற்க வேண்டும். வெள்ளை ராஜாவிடமிருந்து பிரிந்து நிற்கும் குதிரையைத் துரத்த வேண்டும்; குதிரை ஓட ஒரு நகர்த்தல் ஆகும், அது அவருடைய லாபக் கணக்கு. தள்ளப்படும்போது சரியான மூலையை விட்டு விலகி, தப்பான மூலைக்குப் போக வேண்டும். ஓரத்துக்குப் போயே தீரும் நிலையில் ஏ8 பக்கம் போகிறவர் சில நகர்த்தல்களிலேயே முடிந்துபோவார்; எச்8-க்குப் போகிறவரை அங்கிருந்து பலகையின் முழு நீளத்துக்கும் இழுத்துவர வேண்டும். நன்றாகத் தற்காக்கிறவர் எச்8-க்கே வந்து உட்காருவார் என்று கணக்கிட்டுத்தான் பாடப் புத்தகங்கள் முறையின் இரண்டாம் பகுதியை அங்கிருந்து தொடங்குகின்றன.

இதுதான் பலகையில் வைக்க வேண்டிய நிலை. வெள்ளை ராஜா எஃப்6, குதிரை எஃப்7, பிஷப் இ4. கறுப்பு ராஜா ஜி8. ஆட வேண்டியது கறுப்பு. எச்8-ஐக் குதிரை அடைக்கிறது, எச்7-ஐ பிஷப், ஜி7-ஐ ராஜா. எஃப்8 மட்டும்தான் திறந்திருக்கிறது. ராஜா அங்கே போகிறார்.

இப்போது வெள்ளை பிஷப் எச்7-க்குப் போகிறது. ஜி8 பூட்டப்பட்டது, இனி திரும்ப முடியாது. கறுப்பு ராஜா இ8. அடுத்து குதிரை இ5-க்கு. இந்த நகர்த்தலில்தான் கை தயங்கும். காரணம், அதுவரை எஃப்7-இல் இருந்து டி8-ஐ அடைத்திருந்த குதிரை இப்போது அதைத் திறந்துவிடுகிறது. தப்பவிடுகிறோமோ என்ற பயம் வரும். பயப்பட வேண்டாம்.

ராஜா திரும்பி எஃப்8-க்கே வந்தால், குதிரை டி7-இல் செக். ராஜா இ8. வெள்ளை ராஜா இ6. கறுப்பு டி8. வெள்ளை ராஜா டி6. கறுப்பு இ8. பிஷப் ஜி6-இல் செக். எஃப்8-ஐக் குதிரை காக்கிறது, ஆகவே டி8 மட்டுமே. குதிரை சி5. ராஜா சி8. பிஷப் எஃப்7. ராஜா டி8. குதிரை பி7-இல் செக். ராஜா சி8. வெள்ளை ராஜா சி6. கறுப்பு பி8. வெள்ளை ராஜா பி6. கறுப்பு சி8. பிஷப் இ6-இல் செக். ராஜா பி8. குதிரை சி5. ராஜா ஏ8.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வெள்ளை ராஜா பி6, பிஷப் இ6, குதிரை சி5. கறுப்பு ராஜா மூலையில் ஏ8-இல். மேட்டுக்குக் குதிரை ஏ6-க்கு வர வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். உடனே குதிரையை ஏ6-இல் வைத்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே நகர இடமில்லாத நிலை. ஏ7, பி7 இரண்டையும் ராஜா காக்கிறார், பி8-ஐக் குதிரை காக்கிறது, ஏ8-க்குச் செக் இல்லை. இவ்வளவு உழைப்பும் ஒரே நகர்த்தலில் டிரா. இங்கே தேவை பொறுமையான பிஷப் டி7. அந்தக் காத்திருப்பு நகர்த்தலால் கறுப்பு ராஜா வேறு வழியின்றி பி8-க்கு வர வேண்டும். அப்போது குதிரை ஏ6-இல் செக், ராஜா ஏ8, பிஷப் சி6, மேட். பிஷப் எச்7-க்குப் போனதிலிருந்து எண்ணினால் வெள்ளைக்கு 16 நகர்த்தல்.

குதிரை நடந்த பாதையைப் பாருங்கள்: எஃப்7, இ5, டி7, சி5, பி7. பலகையில் கோடு போட்டால் ஆங்கில எழுத்து 'டபிள்யூ' கிடைக்கும். அதனால் டபிள்யூ முறை என்றே இதற்குப் பெயர். எஃப்7, டி7, பி7 மூன்றும் வெள்ளைக் கட்டம், சுவர் இறுகி நிற்கும் இடங்கள். இ5, சி5 இரண்டும் கறுப்புக் கட்டம், கடந்துபோகும் படிகள். படியில் கால் வைக்கும் நொடியில்தான் வாசல் கொஞ்சம் திறக்கிறது.

அந்த வாசல் வழியாகத்தான் நல்ல தற்காப்பாளர் ஓடுவார். குதிரை இ5-க்கு வந்ததும் எஃப்8-க்குத் திரும்பாமல் டி8-க்குப் பாய்வார். வெள்ளை ராஜா இ6. கறுப்பு சி7. ராஜா தப்பிவிட்டது போலவே தெரியும்; இன்னும் இரண்டு அடி வைத்தால் பலகையின் அந்தப் பாதி முழுதும் அவருக்குத்தான். இங்கே பதறிச் செக் தேடுகிறவர்தான் ஆட்டத்தை இழக்கிறார். சரியான பதில் செக் இல்லாத ஒரு நகர்த்தல்: குதிரை டி7. அது பி6-ஐயும் சி5-ஐயும் பி8-ஐயும் ஒருசேர அடைக்கிறது. ராஜா சி6-க்கோ பி7-க்கோ போனால் பிஷப் டி3. இப்போது பி5-உம் ஏ6-உம் பிஷப்பிடம், டி5-உம் டி6-உம் வெள்ளை ராஜாவிடம், பி6-உம் சி5-உம் குதிரையிடம். வெளியே போக ஒரு கட்டமும் இல்லை. பிஷப் அடுத்து பி5-இல் வந்து நின்றால் பெட்டி மூடியாயிற்று. அங்கிருந்து ஏ8-க்குத் தள்ளுவது இடம் சிறிதானதால் எளிது. இந்தப் பாதையில் எல்லாம் சரியாக ஆடினால் மொத்தம் 18 நகர்த்தலில் மேட்.

எச்7-இலிருந்து டி3-க்கு பிஷப் ஒரே வீச்சில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்காகத்தான் பிஷப் ஓரத்தில் எச்7-இல் காத்திருந்தது. குதிரை டி7, பிஷப் டி3 என்ற இந்த இரட்டை நகர்த்தலை முன்பே பார்த்திராதவர் 20 நொடியில் பலகையில் கண்டுபிடிப்பது அரிது. உலக சாம்பியனுக்கும் அப்படித்தான். முன்பே பத்துத் தடவை ஆடிப் பார்த்தவருக்கு யோசிக்கவே வேண்டாம்.

16 அல்லது 18 போனால் 50-இல் குறைந்தது 32 மிஞ்சுகிறது, ராஜாவை ஓரத்துக்குத் தள்ளும் முதல் பகுதிக்கு. அது தாராளம். ஆகவே வெள்ளை தன் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்: கடைசி வெட்டிலிருந்து 30 நகர்த்தலுக்குள் எஃப்7-எஃப்6 நிலையை அடைந்துவிட்டால் கவலையில்லை. 40-ஐத் தாண்டியும் ராஜா நடுவில் உலவிக்கொண்டிருந்தால் கிர்யாவின் இடத்தில் இருப்பவர் நிமிர்ந்து உட்காரலாம்.

டபிள்யூ முறை பிடிக்காதவர்களுக்கு 1923-இல் வெளியான டெலெட்டாங்கின் முக்கோண முறை உண்டு. ஏ2-ஜி8, ஏ4-இ8, ஏ6-சி8 என்று மூன்று மூலைவிட்டங்களில் பிஷப்பை வரிசையாக நிறுத்தி, முக்கோணத்தைச் சுருக்கிக்கொண்டே ஏ8-க்கு நெருக்குவது. எண்ணிக்கை கூடும், ஆனால் ராஜாவைத் தப்பான மூலைக்கு அனுப்பிப் பின்னர் இழுத்துவரும் சுற்று இதில் இல்லை. என் கருத்தில் டபிள்யூ முறையை முதலில் கற்பதே மேல். அதில் நினைவில் வைக்க வேண்டிய நிலைகள் குறைவு.

பயிற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்று. கணினியை எதிரே வைத்து, கடிகாரத்தில் 2 நிமிடம், நகர்த்தலுக்கு 30 நொடி என்று வைத்து, ஸ்கோர்ஷீட்டும் எழுதிக்கொண்டு ஆடுங்கள். எழுதாமல் ஆடிப் பழகினால் போட்டியில் நேரம் போதாது. ஒருமுறை ஏ8-க்கு, ஒருமுறை எச்1-க்கு, பிறகு பிஷப்பின் நிறத்தை மாற்றி ஏ1-க்கும் எச்8-க்கும். ஒரே மூலையில் மனப்பாடம் செய்தவர் மற்ற மூலையில் திணறுவதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்க்கலாம். பிறகு பக்கம் மாறி, தனி ராஜாவோடு உட்காருங்கள். எதிரே இருப்பவர் இ5-க்குக் குதிரையை எடுத்த அடுத்த நொடியில் டி8-க்கு ஓடிப் பாருங்கள். எத்தனை பேர் குதிரை டி7 ஆடுகிறார்கள் என்று அப்போது தெரியும்.

இவ்வளவையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க முடியாது என்று ஆசிரியர் குழு சொல்லலாம். ஒரு பலகைப் படமும் ஆறு வரியும் போதும். பெண்கள் ஆட்டம் பற்றித் தங்கள் பக்கத்தில் வரும் செய்திகளில் யார் அழுதார், யார் யாரைக் கட்டிப்பிடித்தார் என்பது தவறாமல் வருகிறது. எந்த நகர்த்தலில் ஆட்டம் திரும்பியது, அப்போது கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது என்பது வருவதில்லை. ஆண்கள் ஆட்டத்துக்கு முக்கிய நகர்த்தல்களைத் தங்கள் பக்கம் அச்சிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே இடத்தைப் பெண்கள் ஆட்டத்துக்கும் கொடுங்கள். செய்தி எழுதுகிறவரிடம் மூன்று விவரங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்: எத்தனையாவது நகர்த்தல், இருவர் கடிகாரத்திலும் மிச்சம் எவ்வளவு, அந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டிய நகர்த்தல் எது. சர்வதேசப் போட்டிகளின் நகர்த்தல் பட்டியல் கடிகார நேரத்தோடு அன்றே கிடைக்கிறது. எடுத்துப் போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

ஜெனீவா ஆட்டம் பற்றிய திருத்தத்தையும் வெளியிட வேண்டுகிறேன். ஆட்டம் தானாக டிரா ஆனது என்ற வரி விதிப்படி தவறு. மேட் போடத் தெரியவில்லை என்பதற்குப் பதிலாக, '50 நகர்த்தலுக்குள் மேட் போட கிர்யா விடவில்லை' என்று எழுதுங்கள். கூடவே மேலே சொன்ன நிலையைப் படமாகப் போட்டு, கறுப்பு ராஜா டி8-க்கு ஓடி சி7-க்கு வந்த இடத்தில் நிறுத்தி, வெள்ளையின் அடுத்த நகர்த்தல் என்ன என்று வாசகர்களைக் கேளுங்கள். விடையை மறுநாள் போடலாம்.

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்சியாளரும் தங்கள் நாளிதழின் வாசகருமான ஒருவர்